டிக்கியில் ஒட்டிய இன்ஜின்

அறிமுகமில்லாத வண்டி ஒன்று ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து நின்றால் பையன்கள் நேராக பானெட்டுக்குப் போவார்கள். நான் டிக்கிப் பக்கம் போவேன். வண்டியின் பெயர் ஓர் ஓரத்தில் பெரிதாக இருக்கும்; அது ரோட்டில் போகிறவர்களுக்கு. இன்னோர் ஓரத்தில் சின்னதாக இரண்டு மூன்று எழுத்து இருக்கும், சில வண்டிகளில் கூடவே ஓர் எண்ணும் இருக்கும். உதிரிபாகக் கடையில் மோனோகிராம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதுதான். அது எங்களைப் போன்றவர்களுக்கு. உள்ளே எந்த இன்ஜின், அதைக் கம்பெனி எவ்வளவு சக்திக்கு டியூன் செய்திருக்கிறது, எந்த டர்போ, எந்த கிளட்ச் என்று பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் எல்லா கம்பெனியும் ஒரே விஷயத்தை அளந்து எழுதுவதில்லை. ஒருவர் கொள்ளளவை எழுதுகிறார், ஒருவர் டார்க்கை, ஒருவர் குதிரைத்திறனை, இன்னொருவர் தானே வகுத்துக்கொண்ட ஏதோ ஒரு வரிசை எண்ணை. ஆகவே ஓர் எண்ணைப் பார்த்ததும் ‘இது பெரிதா, சிறிதா’ என்று பார்ப்பதற்கு முன்னால் ‘இது எதை அளந்த எண்’ என்று கேட்க வேண்டும். என்னிடம் வேலை கற்க வருகிற பையன்களுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்பே இதைச் சொல்லித் தருகிறேன்.

இதைக் கற்றுக்கொள்ள நம் நாட்டில் 1.3 லிட்டர் டீசலைவிட நல்ல இன்ஜின் கிடையாது. 1,248 சி.சி., நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். ஃபியட்டின் வடிவமைப்பு. ஃபியட் அதை மல்டிஜெட் என்றது. மாருதி உரிமம் வாங்கி மானேசரில் செய்து, 2007-இல் ஸ்விஃப்டில் பொருத்தி, டி.டி.ஐ.எஸ். என்று பெயர் வைத்தது. டாடாவின் இண்டிகா விஸ்டாவில் அதுவே குவாட்ராஜெட். ஷெவர்லே செயிலில் ஸ்மார்ட்டெக். டிக்கியில் நாலு பெயர், பானெட்டுக்குள் ஒரே குடும்பம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு ரோட்டில் ஓடிய சின்ன டீசல் கார்களில் எதைத் திறந்தாலும் இந்த இன்ஜின்தான் என்று தோன்றும். டாக்ஸிக்கும் இதுதான், கல்யாணச் சீராக வந்த வண்டிக்கும் இதுதான்.

இந்த இன்ஜின் இரண்டு விதமாக வந்தது. ஒன்று 75 குதிரைத்திறன், மற்றது 90. பிளாக் ஒன்று, பிஸ்டனின் குறுக்களவு ஒன்று. பெரிய வித்தியாசம் டர்போவில். 75-இல் இருப்பது சாதாரண டர்போ. அழுத்தம் அளவுக்கு மேல் போனால் வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவு திறந்து புகையை வேறு வழியாக அனுப்பிவிடும். 90-இல் இருப்பது வி.ஜி.டி. அதில் டர்பைன் சக்கரத்தைச் சுற்றி மெல்லிய தகடுகள் ஒரு வளையமாக நிற்கும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது தகடுகள் நெருங்கி வழியைக் குறுக்கும். புகை வேகம் பிடித்துச் சக்கரத்தைத் தள்ளும். இன்ஜின் வேகமெடுத்ததும் தகடுகள் விலகி வழிவிடும்.

எது எது என்று கண்டுபிடிக்க டர்போவைக் கழற்ற வேண்டாம். இன்ஜின் நின்றிருக்கும்போது ஆக்சுவேட்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் சின்னத் தண்டில் கண்ணை வைத்துக்கொண்டு, ஒருவரை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். வி.ஜி.டி. என்றால் இன்ஜின் பிடித்த உடனே வேக்குவம் ஏறி, தண்டு உள்ளே இழுபடும். ஆஃப் செய்தால் மெதுவாகத் திரும்பி வரும். வேஸ்ட்கேட் டர்போவில் ஐடிலில் தண்டு அசையவே அசையாது. நகரத்துக்குள்ளேயே மூன்றாவது கியர் தாண்டாமல் ஓடிய வண்டியானால், தகடுகளில் கரி படிந்து, தண்டு இழுபடும்போது பாதியில் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கண்ணால் பார்த்துப் பழகியவருக்கு ஸ்கேனர் அப்புறம் போதும்.

இந்த இரண்டு விதங்களையும் கம்பெனிகள் எப்படிப் பெயரிட்டன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மாருதி பிற்காலத்தில் தன் டீசல்களுக்கு எண் கொடுத்தது. ஸ்விஃப்ட், டிசையரில் டி.டி.ஐ.எஸ். 190. எர்டிகா, சியாஸ், பிரெஸாவில் டி.டி.ஐ.எஸ். 200. டாடாவோ விஸ்டாவில் பலம் கூடிய வகையை 2013-இல் கொண்டுவந்து டி90 என்றது. 90-ஐயும் 200-ஐயும் பக்கத்தில் வைத்தால் ஏதோ இரண்டு வேறு உலகம் போல இருக்கிறது. உண்மையில் இரண்டும் ஒரே இன்ஜினின் ஒரே டியூன். டாடா குதிரைத்திறனை எழுதியது, மாருதி நியூட்டன் மீட்டரில் டார்க்கை எழுதியது. செகண்ட்ஸ் வண்டி பார்க்க வருகிறவர்கள் “அண்ணே, இது வெறும் 90, அது 200 ஆச்சே” என்று கேட்கும்போது உட்காரவைத்துப் பொறுமையாக விளக்குவேன். நியாயமான கேள்விதான் அது. எண்ணுக்குப் பக்கத்தில் அளவு எதில் என்று எழுதாதது கம்பெனியின் குறை.

இரண்டு வழக்கத்தில் எது நல்லது என்று கேட்டால், டார்க்கை எழுதியதுதான் என்பேன். டீசல் வண்டியை நாம் ஓட்டுவதே டார்க்கில்தான். ஆனால் அந்த எண்ணும் முழுக் கதையைச் சொல்லவில்லை. 190-க்கும் 200-க்கும் வித்தியாசம் பத்துதான். அந்தப் பத்தைக் காலால் உணர முடியாது. உணர முடிவது, அந்த டார்க் எங்கே வருகிறது என்பதை. ஸ்விஃப்டில் 190 நியூட்டன் மீட்டர் 2,000 ஆர்.பி.எம்.மில் வந்தது. எர்டிகாவில் 200 வந்தது 1,750-இல். ஏற்காடு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து, இரண்டாவது கியரில் மறுபடி மிதிக்கிற அந்த நொடியில் இந்த 250 சுற்று வித்தியாசம் பெரிது. எர்டிகா உடம்பு கனத்த வண்டி, ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சாதாரண டர்போவோடு அதை மலைக்கு அனுப்பியிருந்தால் கிளட்ச்தான் அடிவாங்கியிருக்கும். மாருதி அங்கே வி.ஜி.டி.யைப் போட்டது கண்டிப்பாகச் செய்ய வேண்டிய வேலை.

அதே வரிசையில் வேறு எண்களும் வந்தன. 2015-இல் செலெரியோவில் டி.டி.ஐ.எஸ். 125: 793 சி.சி., இரண்டே சிலிண்டர். அதே ஆண்டு எஸ்-கிராஸில் டி.டி.ஐ.எஸ். 320: ஃபியட்டிடமிருந்து இறக்குமதி செய்த 1.6 லிட்டர். 2019-இல் சியாஸில் டி.டி.ஐ.எஸ். 225: சுசூகி தானே வடிவமைத்த 1.5 லிட்டர். பிறகு 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தது, மாருதி டீசலையே நிறுத்திவிட்டது, வரிசை மூடிக்கொண்டது. ஆனால் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. எஸ்-கிராஸ் 200, 320 இரண்டிலும் வந்தது. 200 என்றால் எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். 320 என்றால் ஓட்டுவதற்கு அருமையான இன்ஜின், எனக்கு அதன்மேல் தனிப் பிரியமே உண்டு. ஆனால் ஒரு சென்சாருக்குக்கூடக் காத்திருக்க நேரும். ஒரே உடம்பு, ஒரே பெயர். அடுத்த பத்து வருஷச் செலவைத் தீர்மானிப்பது அந்த மூன்று இலக்கம்.

விஸ்டாவுக்கே திரும்ப வருகிறேன். ஒரே கூட்டுக்குள் மூன்று டீசல் வந்த வண்டி அது. குவாட்ராஜெட், டி90 இரண்டையும் சொல்லிவிட்டேன். மூன்றாவது டி.டி.ஐ. என்ற எழுத்தோடு வந்தது. அது பழைய இண்டிகாவின் 1,405 சி.சி. இன்ஜின், டர்போ சேர்த்தது. ஃபோக்ஸ்வாகன் வண்டியில் டி.டி.ஐ. என்றால் டீசல் நேராக பிஸ்டன் தலைமேல் தெளிக்கப்படுகிற இன்ஜின். விஸ்டாவில் அதே மூன்று எழுத்துக்குப் பின்னால் இருந்தது முன்அறையில் டீசலைத் தெளித்து எரித்து உள்ளே அனுப்புகிற பழைய முறை. சத்தம் வேறு, மைலேஜ் வேறு, ரிப்பேர் முறையும் வேறு. குவாட்ராஜெட் போன்ற காமன் ரெயில் இன்ஜினில் கை வைக்கப் பயப்படுகிற கிராமத்து மெக்கானிக்கூட அந்த டி.டி.ஐ.யைத் தைரியமாகத் திறப்பார். ஒரு கம்பெனியின் எழுத்தை இன்னொரு கம்பெனியின் அகராதியில் தேடக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

டார்க்கை எழுதியதில் மாருதி தனியாகவும் இல்லை. டாடா சஃபாரி ஸ்டார்மில் வேரிகார் 320, வேரிகார் 400 என்று வந்ததும் நியூட்டன் மீட்டர்தான். இரண்டும் 2.2 லிட்டர்.

கொள்ளளவை எழுதுகிற வழக்கம் ஏன் நம் ஊரில் மங்கியது? எனக்குத் தோன்றுகிற காரணம் வரி. 2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கு எக்சைஸ் 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள். அதன்பின் எந்தக் கம்பெனியின் இன்ஜினைப் பார்த்தாலும் 1,197, 1,199, 1,461, 1,498 என்று கோட்டுக்கு ஒட்டி நின்றன. எல்லோரும் 1.2 என்றால், டிக்கியில் 1.2 என்று எழுதி யாருக்கு என்ன தெரியப்போகிறது? கோட்டுக்குள் நின்றபடியே டர்போவில் காற்றைக் கூட்டி, டியூனை மாற்றிப் பலத்தை ஏற்றினார்கள். சொல்லிக்கொள்ள வேண்டியது அந்தப் பலம் என்றாகிவிட்டது. ரெனோவின் 1,461 சி.சி. டீசல் லோகனில் 65 குதிரைத்திறன். டஸ்டரில் 85, 110 என்று இரண்டு. 85-க்கு ஐந்து கியர், 110-க்கு ஆறு. கொள்ளளவை மட்டும் எழுதியிருந்தால் மூன்றும் ஒன்றுதான்.

எழுத்துகளுக்கும் இப்படி ஒரு வாழ்க்கை உண்டு. மாருதியின் எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ.யில் கடைசி ஐ, இன்ஜெக்‌ஷன். ஜென்னிலும் எஸ்டீமிலும் அந்த ஐ சேர்ந்த காலத்தில் அது பெரிய செய்தி. கார்புரேட்டர் போய், சாவியைத் திருப்பினால் சோக் இழுக்காமல் பிடிக்கிற இன்ஜின் என்று அர்த்தம். அந்த ஓர் எழுத்தைப் பார்த்துத்தான் கார்புரேட்டர் கிட் வாங்குவதா, இன்ஜெக்டரைக் கிளீன் செய்வதா என்று முடிவெடுப்போம். புகைக் கட்டுப்பாடு இறுகி எல்லாப் பெட்ரோல் வண்டியும் இன்ஜெக்‌ஷனுக்கு வந்தபின் அந்த ஐக்கு வேலை இல்லை, ஆனாலும் இருந்தது. டீசல் வந்தபோது எக்ஸ் இருந்த இடத்தில் டி உட்கார்ந்து வி.டி.ஐ. ஆனது.

மெர்சிடிஸிலும் இதேதான் நடந்தது. 300 இ, 230 இ என்று எண்ணுக்குப் பின்னால் வந்த இ, ஜெர்மன் மொழியில் இன்ஜெக்‌ஷனுக்கான சொல்லின் முதல் எழுத்து. 1993-இல் அதை முன்னுக்கு இழுத்து இ 220 என்று வகுப்பின் பெயராக்கிவிட்டார்கள். எல்லா வண்டியும் இன்ஜெக்‌ஷன் ஆனபின் அந்த எழுத்து சும்மா இருந்தது, வேறு வேலைக்குப் போனது. பி.எம்.டபிள்யூ.வின் ஐ இன்னும் நீண்ட காலம் இருந்து, 2024-இல்தான் புதிய பெட்ரோல் மாடல்களிலிருந்து விடைபெற ஆரம்பித்தது. அந்த எழுத்தை இப்போது மின்சார வண்டிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஜெர்மன் வண்டிகளின் எண்ணை முதலில் நம்பலாம், போகப்போக நம்ப முடியாது. 2007 முதல் செங்கல்பட்டு பக்கத்து மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ. கோக்கப்படுவதால் 320டி நம் ஊர்ச் சாலையில் நன்றாகவே பழகிய வண்டி. 3 என்றால் வண்டியின் வரிசை, 20 என்றால் 2.0 லிட்டர், டி என்றால் டீசல். சரியாக இருக்கிறது. ஆனால் அதே வரிசையில் 2012 வாக்கில் வந்த 328ஐயைத் திறந்தால் 2.8 லிட்டர் இல்லை; 1,997 சி.சி., நாலு சிலிண்டர், டர்போ. அன்றைய 320ஐயிலும் அதே இன்ஜின்தான், 184 குதிரைத்திறனில், 328-இல் 245. டர்போ வந்தபின் கடைசி இரண்டு இலக்கம், ‘பழைய நாளில் இவ்வளவு பலத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டியிருந்திருக்கும்’ என்பதற்கான மதிப்பீடாகிவிட்டது.

இது டர்போவோடு தொடங்கிய பழக்கமும் இல்லை. எண்பதுகளில் 2.7 லிட்டர் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிட்டு எரிபொருள் மிச்சப்படுத்துகிற ஒரு மாடலை பி.எம்.டபிள்யூ. செய்தது. ஐரோப்பாவில் அதற்கு 525இ என்று பெயர், அமெரிக்காவில் 528இ. இரண்டு பெயரும் உண்மைக் கொள்ளளவு இல்லை. ஒன்று குறைவு, ஒன்று அதிகம். மெர்சிடிஸில் சி 200, சி 220, சி 250 சி.டி.ஐ. மூன்றுக்கும் ஒரு தலைமுறையில் 2,143 சி.சி. இன்ஜின் ஒன்றேதான்: 136, 170, 204 குதிரைத்திறன். அதன் வேக வண்டிப் பிரிவான ஏ.எம்.ஜி.யின் 63 இன்னும் ஆழமானது. 1968-இல் வந்த 300 எஸ்.இ.எல். 6.3 என்ற வண்டியின் நினைவு அது. பின்னால் 63 என்று ஒட்டி வந்த வி8 இன்ஜின் 6,208 சி.சி. பிறகு 5.5 லிட்டர், பிறகு 4.0, கடைசியில் சி 63-இல் 2.0 லிட்டர் நாலு சிலிண்டரும் மின்மோட்டாரும். சாமான் ஆர்டர் எழுதும் படிவத்தில் அந்த 63 எதற்கும் உதவாது. ஆனாலும் ஒரு பழைய இன்ஜினை அரை நூற்றாண்டாக மறக்காமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஃபோக்ஸ்வாகன் எண்ணே இல்லாமல் நிறத்தால் சொன்னது. நாலாம் தலைமுறை கோல்ஃபில் டி.டி.ஐ. எழுத்துகளில் சிவப்பு கூடக்கூடப் பலம் கூடும். தூரத்திலிருந்தே படிக்க முடிகிற ஏற்பாடு, அழகானது. ஆடி 2017-இல் கொண்டுவந்த 30, 35, 40 வரிசையைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். 81 முதல் 96 கிலோவாட் வரை 30, 400 கிலோவாட்டுக்கு மேல் 70. பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு மட்டும் அர்த்தமாகும். எந்த அளவிலும் இல்லாத ஓர் எண்ணை டிக்கியில் ஒட்டுவது வாங்குகிறவருக்கும் உதவாது, திறக்கிறவருக்கும் உதவாது.

இத்தனையும் மோனோகிராம் ஒட்டியபடி இருந்தால். கை மாறிய வண்டிகளில் அதையே சந்தேகப்பட வேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு எந்த எழுத்தும் கிடைக்கும், எல்.எக்ஸ்.ஐ. வண்டி ஒரே மதியத்தில் இசட்.எக்ஸ்.ஐ. ஆகிவிடும். ஒட்டியதை எடுப்பதும் கஷ்டமில்லை. ஹேர் டிரையரால் சூடு காட்டி, எழுத்துக்குப் பின்னால் தூண்டில் நரம்பை விட்டு அறுத்தால் பெயின்டில் கீறல் விழாமல் வந்துவிடும். ஆனால் பெயின்ட் மறப்பதில்லை. வெயிலில் பல வருஷம் நின்ற வண்டியில், எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் ஷோரூமிலிருந்து வந்த நிறத்தில் இருக்கும். டிக்கியைத் துடைத்துவிட்டு, சாயங்கால வெயில் சாய்ந்து விழுகிற நேரத்தில் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், புது எழுத்துக்கு அடியிலிருந்து பழைய எழுத்தின் விளிம்பு தெரியும். எதுவுமே தெரியாமல் வழவழப்பாக இருந்தால் அதுவும் ஒரு செய்தி: டிக்கிக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பின்னால் அடி வாங்கிய வண்டி. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இல்லாவிட்டாலும், ஒரு மில்லிமீட்டர் மேலே கீழே நின்றாலும், கம்பெனியில் ஒட்டியது இல்லை. அங்கே அச்சு வைத்துத்தான் ஒட்டுவார்கள்.

ஜெர்மன் வண்டியில் எழுத்தே இல்லையென்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம். அங்கே ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்து வேண்டாம் என்று குறிக்க வசதி உண்டு. அப்படி எழுத்தில்லாமலே தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகள் இருக்கின்றன.

சந்தேகம் தீர வேண்டுமானால் இன்ஜின் நம்பர். மாருதியின் 1.3 டீசல் என்றால் டி13ஏ என்று தொடங்கும், பழைய எஸ்டீமின் பெட்ரோல் என்றால் ஜி13பி. பிளாக்கில் பொறித்ததை டார்ச் அடித்துப் படித்து, ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் கொள்ளளவு இருக்கும், ஆனால் விஸ்டாவின் 75-க்கும் 90-க்கும் அதே 1,248தான். அங்கே கடைசி வார்த்தை டர்போ தண்டுக்கு.

இப்போது வருகிற மின்சார வண்டிகளிலும் எண் இருக்கிறது. டெஸ்லா மாடல் எஸ் ஆரம்ப நாளில் 85 என்று எழுதியது பேட்டரியின் கிலோவாட் அவர். டாடா கர்வ் இ.வி.யின் 45, 55 அதுவே. பி.ஒய்.டி. சீல் வண்டியின் பின்னால் 3.8எஸ் என்று ஒட்டியிருப்பது நூறு கிலோமீட்டர் வேகம் தொட ஆகும் நொடிகள். ‘எதை அளந்த எண்’ என்ற கேள்வி இங்கேயும் முதலில் வரும். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. 1,248 சி.சி. இன்ஜின் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் 1,248தான். போரிங் போட்டால் கொஞ்சம் கூடுமே தவிர குறையாது. 45 கிலோவாட் அவர் என்பது வண்டி புதிதாக இருந்த நாளின் கணக்கு. சார்ஜ் ஏறி இறங்க இறங்க அது குறைந்துகொண்டே வரும், டிக்கியில் இருக்கும் எண் அப்படியே இருக்கும். அதனால் செகண்ட்ஸில் மின்சார வண்டி பார்த்துச் சொல்லுங்கள் என்று யாராவது கூப்பிட்டால், பேட்டரியின் இன்றைய ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்ற ரிப்போர்ட்டை முதலில் எடுத்து வைக்கச் சொல்கிறேன். டிக்கிப் பக்கம் அதற்கப்புறம்தான் போகிறேன்.